முதல் ஆள் விழுந்த பிறகு: மும்பை சர்வர் அணித்தோழர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அணித்தோழர்களுக்கு,

உங்கள் முகம் எனக்குத் தெரியாது. பாதிப் பேருக்குப் பெயரும் தெரியாது, ஐடி மட்டும்தான். இரவுச் சாப்பாடு முடிந்து வேலரன்ட்டில், ஐந்துக்கு ஐந்து பேர் மோதும் அந்தத் துப்பாக்கிச் சண்டைக் கணினி விளையாட்டில், ரேங்க்டு கியூ (தரவரிசை ஆட்டத்துக்கான வரிசை) போட்டால், மும்பை சர்வர் என் பக்கம் தள்ளிவிடும் நான்கு பேர் நீங்கள். ஒருநாள் ஹிந்தி, ஒருநாள் மலையாளம், அதிர்ஷ்டம் இருந்தால் "ப்ரோ தமிழா?" என்று ஒரு குரல். அந்தக் குரல் கேட்டால் மேட்ச் கலகலப்பாகத்தான் இருக்கும். ஜெயிக்கிறோமா என்பது வேறு கதை.

ரவுண்டு நடுவில் இதையெல்லாம் சொல்ல நேரம் இருப்பதில்லை. ரவுண்டு முடிந்த பிறகு சொன்னால் யாருக்கும் கேட்கும் மனநிலை இருப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பிரச்சினை எய்ம், அதாவது குறி, என்று நினைக்கிறீர்கள். குறி பழகும் ஏய்ம் லேப்ஸில் உட்கார்ந்து மணிக்கணக்கில் உருண்டை சுடுகிறீர்கள், நல்லது. ஆனால் நாம் தோற்ற மேட்ச்களின் ரவுண்டுகளை ஒருமுறை திரும்பப் பாருங்கள். முதல் கில் பல ரவுண்டுகளில் நமக்குத்தான் விழுந்திருக்கும், அதாவது எதிரணியில்தான் ஒருவன் முதலில் செத்திருப்பான். ஐந்துக்கு நாலு. அதற்குப் பிறகுதான் கோட்டை விடுகிறோம். எய்ம் அதன் வேலையைச் செய்துவிட்டது. அது வாங்கிக் கொடுத்ததை என்ன செய்வது என்று நமக்குத் தெரியவில்லை.

பெரிய போட்டிகளில் விளையாடும் அணிகள் ஐந்துக்கு நாலு ஆன ரவுண்டுகளில் ஏறக்குறைய பத்தில் ஏழு ரவுண்டுகளை வெல்கின்றன. ஒரு ஆள் குறைந்ததும் ரவுண்டு தானாக நம் பக்கம் சாய்ந்துவிடும் என்று இதைப் படிக்கக் கூடாது. ஒரு ஆள் குறைந்தால் எதிரணியின் மேப்பில் ஒரு ஓட்டை விழுகிறது. அதை அடைக்க அவர்களுக்குக் கொஞ்சம் நேரம் வேண்டும். நமக்குக் கிடைத்த லாபம் அந்த நேரம் மட்டும்தான். யாரை யார் கொன்றார் என்று திரையில் காட்டும் கில் ஃபீடு பத்துப் பேருக்கும் தெரிகிறது. நீங்கள் "நைஸ் நைஸ்" என்று சொல்லி முடிப்பதற்குள் எதிரணியில் ஒருவன் கத்தியை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்திருப்பான். கத்தியோடு ஓடினால் வினாடிக்கு 6.75 மீட்டர். ரைபிளைப் பிடித்துக்கொண்டு ஓடினால் 5.4. அவன் வந்து சேர்ந்துவிட்டால் நம் லாபத்தில் பாதி போச்சு.

அண்மையில் அசென்ட் மேப்பில் நடந்த ஒரு ரவுண்டைச் சொல்கிறேன். யார் என்று சொல்லமாட்டேன், படித்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். நாம் அட்டாக்: ஸ்பைக் என்ற வெடிகுண்டை ஏ அல்லது பி சைட்டில் நாம் வைக்க வேண்டும், அவர்கள் தடுக்க வேண்டும். கடிகாரம் 1:40-இல் இருந்து இறங்கத் தொடங்கியது. 1:22-இல் நம் ரெய்னா (அந்த ஏஜென்ட்டை, அதாவது பாத்திரத்தை, எடுத்தவர்) மேப்பின் நடுவான மிட்டில் இருந்து, ஏ சைட்டுக்குப் போகும் கேட்வாக்கில் நின்றவனை ஒரே தோட்டாவில் தலையில் போட்டார். அற்புதமான ஷாட், சந்தேகமே இல்லை. அந்த நேரம் ஏ மெயினில் ஸ்பைக்கோடு இரண்டு பேர். பி மெயினில் ஒருவர் தனியாக லர்க், அதாவது பதுங்கி நிற்கிறார். மிட்டில் ரெய்னாவுக்குப் பின்னால், புகை போடும் ஏஜென்ட்டான ஓமெனோடு நான்.

கேட்வாக் காலி. அதாவது ஏ சைட்டுக்கு இரண்டு வாசல் திறந்துவிட்டது. மெயினில் இருந்து இரண்டு பேர், கேட்வாக் வழியாக ட்ரீ பக்கம் இரண்டு பேர், மேலிருந்து சைட்டைப் பார்க்கும் ஹெவனுக்கு என் ஸ்மோக் (மறைப்புப் புகை) ஒன்று. பி-யில் இருப்பவன் ஓடிவந்து சேர்வதற்குள் ஸ்பைக் தரையில் இருந்திருக்கும். நான் "கேட், கேட், ஏ போலாம்" என்றேன், ஸ்மோக்கும் போட்டேன்.

ரெய்னா சொன்னது: "இரு மச்சி, மார்க்கெட்ல ஒருத்தன் சத்தம் கேக்குது, எடுத்துட்டு வரேன்."

1:17-இல், மிட்டில் இருந்து பி பக்கம் போகும் மார்க்கெட் வாசலில் அவர் கதை முடிந்தது. உள்ளே ஒருவன் இல்லை, இரண்டு பேர். கேட்வாக்கில் ஆள் செத்தது தெரிந்து மிட்டைப் பார்க்க ஓடிவந்தவனும் அங்கேதான் நின்றான். நாலுக்கு நாலு. ஓமென் ஸ்மோக் பதினைந்து வினாடிதான் நிற்கும். ஏ மெயினில் இருந்த இரண்டு பேர் "போகலாமா, வேணாமா" என்று பேசி முடித்து உள்ளே நுழைந்தபோது ஹெவன் பளிச்சென்று தெரிந்தது. இருவரும் விழுந்தார்கள். ஸ்பைக் ஜெனரேட்டர் பக்கத்தில் கிடந்தது. பி மெயின் நண்பர் அப்போதுதான் "நான் இங்க ஃப்ரீயா இருக்கேன்" என்றார். இருந்தார், ரவுண்டு முழுக்க.

இதில் ரெய்னாவை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்தச் சத்தத்தைத் துரத்த நினைத்தது அவர் சுபாவம். ரெய்னா எடுப்பவர்கள் எல்லாரும் அப்படித்தான், கில்லில் இருந்து கில்லுக்குத் தாவத்தான் அந்த ஏஜென்ட்டையே வடித்திருக்கிறார்கள். ஆனால் முதல் கில்லுக்கும் அவர் சாவுக்கும் இடையே இருந்த ஐந்து வினாடியில் ஐந்து பேரும் ஐந்து ரவுண்டு விளையாடினோம். முதல் கில்லைப் போட்டவருக்குக் கை சூடாகிவிடும். இரண்டாவதும் தனக்கே சொந்தம் என்று தோன்றும். அந்தச் சமயத்தில் மற்ற நால்வர்தான் அவரைப் பிடித்து இழுக்க வேண்டும், அல்லது அவர் பின்னாலேயே போக வேண்டும். நாம் இரண்டையும் செய்யவில்லை.

இங்கே ஒரு பெயர் அடிபடும், பேப்பர் ரெக்ஸ், சுருக்கமாக பிஆர்எக்ஸ். சிங்கப்பூர் அணி. முன்னால் ஓடவைக்கும் டபிள்யூ கீயை அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் அவர்கள் பாணி என்று ஊரே சொல்கிறது. அதை வைத்துத்தான் "ப்ரோ பிஆர்எக்ஸ் மாதிரி போலாம்" என்று தனியாக ஓடுகிறீர்கள். 2025 ஜூனில் டொரான்டோ மாஸ்டர்ஸ் இறுதியில் அவர்கள் ஃபனாட்டிக் அணியை 3-1 என்று வென்றார்கள், ஞாபகம் இருக்கும். அவர்கள் ஆட்டத்தை இன்னொரு முறை போட்டு, முதலில் பாய்பவனை விட்டுவிட்டு அவன் பின்னால் வருபவனைப் பாருங்கள். முதல் ஆள் செத்தால், கொன்றவன் அடுத்த தோட்டாவை விடுவதற்குள் அவனும் சாவான். அந்த இடைவெளியில்தான் இரண்டாம் ஆள் வருகிறான். வேகம் அதற்குப் பிறகுதான். நாம் வேகத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டாம் ஆளை ஏ மெயினில் விட்டுவிட்டோம்.

இன்னொரு விஷயம், இதற்கு யாரும் மெனக்கெடுவதே இல்லை. கில் ஃபீடில் ஒரு ஆள் குறைந்ததைப் பார்க்கிறீர்கள், எந்த ஆள் என்று பார்ப்பதில்லை. சைஃபர் செத்தால் அவன் கட்டிவைத்த கம்பிகள் வேலை செய்யாது. கில்ஜாய் செத்தால் அவள் வைத்த டரட்டும் (தானாகச் சுடும் துப்பாக்கி) அலாரம்பாட்டும் அணைந்துவிடும். அதுவரை யாரும் தொடத் துணியாத சைட் ஒன்று கதவில்லாத வீடாகிவிட்டது. அப்போது எதற்கு எதிர்ப்பக்கம் போக வேண்டும்? வைப்பர் விழுந்தால் அவள் சுவரும் புகையும் சில நொடிகளில் இறங்கிவிடும், அது வரைக்கும் பொறுத்தால் போதும். ஆனால் சேஜ் அல்ட்டோடு (செத்தவரை எழுப்பும் அவளுடைய பெரிய சக்தி) உயிருடன் இருந்தால் கணக்கே வேறு. விழுந்தவன் எழுந்து வருவான். டேப் அமுக்கினால் எதிரணியில் யாரிடம் அல்ட் இருக்கிறது என்று தெரியும். பிணம் எங்கே கிடக்கிறதோ அந்த இடத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், எழுப்ப வருகிறவளையும் எழுகிறவனையும் சேர்த்தே முடிக்கலாம். இதற்கு உச்சத்தில் இருக்கும் ரேடியன்ட் ரேங்க் வேண்டாம், டேப் பொத்தான் போதும்.

உடனே பாய முடியாத நேரமும் உண்டு. ஸ்பைக் வேறு பக்கம் இருக்கும், ஸ்மோக் திரும்பி வந்திருக்காது, ஆட்கள் சிதறியிருப்பார்கள். அப்போது ஓட்டை அடைபட்டுவிடும், அடையட்டும். நாலு பேர் ஐந்து பேரின் இடத்தைக் காப்பதால் எங்காவது ஒருவன் தனியாகத்தான் நிற்பான். ஹேவன் மேப்பில் மூன்று சைட், கேட்கவே வேண்டாம். நாம் செய்ய வேண்டியது மேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பது, அல்ட்டை நிரப்ப உதவும் ஓர்ப் இருந்தால் எடுப்பது, அவர்களாக எட்டிப் பார்த்தால் இரண்டு பேராக நின்று வாங்குவது. ஆள் குறைந்த அணிதான் பதற்றத்தில் தகவல் தேடி வெளியே வரும்.

ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. ஸ்பைக் வைக்க 4 வினாடி. சைட்டில் மூலை மூலையாகப் பார்த்து முடிக்க ஏழெட்டு வினாடியாவது வேண்டும். கடைசி பத்து வினாடியில் உள்ளே நுழைவது எதிரணிக்குக் கொண்டாட்டம், நாம் எந்த வாசலில் எந்த நொடியில் வருவோம் என்று அவர்களுக்கு அப்போது மனப்பாடம். 0:30 வரும்போது எந்த சைட் என்பது முடிவாகியிருக்க வேண்டும், 0:25-இல் ஸ்மோக் விழ வேண்டும். அந்த நேரத்தில் "மறுபடி பி போலாமா?" என்று கேட்பவரை என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

வேகமாகவும் போகலாம், பொறுமையாகவும் போகலாம். இரண்டும் சரிதான். மூன்று பேர் வேகமாகவும் இரண்டு பேர் பொறுமையாகவும் போவதுதான் நம் அணியின் தனிக் கண்டுபிடிப்பு.

டிஃபென்ஸ் பக்கம் வந்தால் என் புகார் இன்னும் கசப்பானது. அட்டாக்கில் முதல் கில்லுக்குப் பிறகு ஏதாவது செய்யத்தான் வேண்டும். டிஃபென்ஸில் பெரும்பாலும் ஒன்றும் செய்யக் கூடாது. அதுதான் நமக்கு முடியவே முடியாதது.

கபடி பார்த்தவர்களுக்கு இது புரியும். ரெய்டுக்கு வந்தவனுக்கு 30 வினாடி, அதற்குள் அவன்தான் ஏதாவது செய்தாக வேண்டும். ஆள் அதிகம் இருக்கும் தடுப்பணி சங்கிலி கோத்துப் பின்னால் நிற்கும். எவனாவது ஆசைப்பட்டு முன்னால் பாய்ந்தால் ரெய்டருக்குப் புள்ளி. ஊர்த் திருவிழாக் கபடியில் இதைச் செய்கிறவனை ஊரே திட்டும். வேலரன்ட்டில் அவனை எம்விபி, ஆட்ட நாயகன், என்கிறோம்.

ஹேவன் சி லாங்கில் ஆபரேட்டர் என்ற ஸ்னைப்பர் துப்பாக்கி வைத்திருக்கும் ஜெட் நண்பருக்குத்தான் இதைச் சொல்கிறேன். 4700 கிரெடிட் (ஆட்டத்துக்குள் தரும் காசு) துப்பாக்கி. முதல் தோட்டாவிலேயே ஒருவனை எடுத்துவிட்டீர்கள். அடுத்த நொடி எதிரணி ஐந்து பேருக்கும், செத்தவனையும் சேர்த்து, நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். அதே மூலையில் அதே உயரத்தில் மறுபடி எட்டிப் பார்க்கிறீர்கள். அவர்கள் ஃபிளாஷ் போடுவார்கள், ட்ரோன் விடுவார்கள், இரண்டு பேராக வருவார்கள். நீங்கள் போனால் துப்பாக்கியும் போகிறது, அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு அடி பின்னால் வாருங்கள். சைட்டில் இன்னொருவரோடு சேர்ந்து நில்லுங்கள். சட்டென்று பாய்ந்து விலகும் டாஷ் கையில் இருக்கிறதே, அது தப்பிக்கத்தான். நூறு வினாடிக்குள் சைட்டுக்கு வந்து சேர வேண்டிய கவலை அவர்களுடையது. நாலு பேராக வருகிறார்கள், வரட்டும்.

இப்போது பணம். ரவுண்டுக்குள் நேரம் எப்படிக் கரைகிறதோ அதேபோல ரவுண்டுகளுக்கு இடையே காசு கரைகிறது, இதையும் யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

முதல் ரவுண்டான பிஸ்டல் ரவுண்டில் ஆளுக்கு 800 கிரெடிட். ஜெயித்தால் 3000, தோற்றால் 1900. இரண்டாம் ரவுண்டில் நாம் ஸ்பெக்டர் துப்பாக்கியும் பெரிய கவசமும் வாங்கினால் 1600-ம் 1000-ம் சேர்த்து 2600. எதிரணி கைத்துப்பாக்கியான கிளாசிக்கோடு வரும், சில பேர் ஷெரிஃப் வாங்கியிருப்பார்கள், சில பேர் ஷார்ட்டியோடு பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் ஆசை ஒன்றுதான்: நாம் பக்கத்தில் வர வேண்டும். நாமும் ஓடிப் போய் அந்தப் பெட்டியைச் சுற்றிப் பார்க்கிறோம். தூரத்தில் நின்று, இரண்டு பேராக, ஏபிலிட்டியைச் செலவழித்து மூலைகளைத் துப்புரவு செய்யும் ரவுண்டு இது. இதைத் தோற்றால் பிஸ்டல் ஜெயித்ததற்கு அர்த்தமே இல்லை: நம் ஸ்பெக்டர்கள் அவர்கள் கையில், 1-1, நம் பையில் சில்லறை.

ஜெயித்துவிட்டால் மூன்றாம் ரவுண்டு. இங்கேதான் பெரிய அறியாமை. எதிரணி இரண்டாம் ரவுண்டில் செலவழிக்காமல் விட்டிருந்தால் முதல் தோல்விக்கு 1900-ம் இரண்டாம் தோல்விக்கு 2400-ம் சேர்த்து 4300 வைத்திருக்கும். வேண்டல் ரைபிளும் பெரிய கவசமும் 3900. ஆக அவர்கள் முழு ஆயுதத்தோடு வருவது உறுதி. நாம் ஸ்பெக்டரையே வைத்துக்கொண்டு, கவசத்தையும் ஏபிலிட்டியையும் மட்டும் நிரப்பிக்கொண்டு இறங்க வேண்டும். தோற்றாலும் 2-1, நாலாம் ரவுண்டில் ஐந்து பேரிடமும் ரைபிள். ஓரிரு வேண்டலைப் பறித்துக்கொண்டால் எதிரணியின் காசு சிதறும், அது போனஸ். அதற்குப் பதில் இரண்டு பேர் "கையில காசு இருக்கே" என்று வேண்டல் வாங்கி, மூன்று பேர் ஸ்பெக்டரோடு வந்து, ஐந்து பேரும் செத்தால், நாலாம் ரவுண்டில் பாதி அணிக்குக் கவசம் இருக்காது. பிஸ்டல் வெற்றி வாங்கித் தந்த முன்னிலை நாலாவது ரவுண்டிலேயே காலி.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் விளையாட்டில் இருந்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே 2019-இல் அதை உருவாக்கிய வால்வ் மாற்றம் கொண்டுவந்த பிறகு ஒரு ரவுண்டு ஜெயித்தால், தோற்கத் தோற்க ஏறும் தோல்விப் பணம் முழுதாகத் தரைக்கு வந்துவிடாது, படிப்படியாகத்தான் இறங்கும். இங்கே ஒரே வெற்றியில் 1900-க்குத் திரும்பிவிடும். எதிரணி தோற்றுத் தோற்றுப் பிறகு ஒரு ரவுண்டு ஜெயித்தால், அடுத்த ரவுண்டில் அவர்களை அடித்தால்தான் மொத்தமாக உடைவார்கள். அந்த அடுத்த ரவுண்டில் நீங்கள் "ஒரு ரவுண்டு போனா போகுது" என்று ஏழை வேஷம் போட்டு ஸேவ் செய்வதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

ஸ்கோரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே இரண்டு பக்கமும் பைத்தியக்காரத்தனம். 8-2 ஆனால் ஷெரிஃப் மட்டும் வாங்கி விளையாட ஆரம்பிக்கிறீர்கள். 2-8 ஆனால் சரண்டர் ஓட்டு. 2023 மார்ச்சில் சாவோ பாவ்லோவில் லாக் இன் என்ற வேலரன்ட் போட்டித்தொடரின் இறுதிப் போட்டி, ஐந்தாவது மேப் ஐஸ்பாக்ஸ். சொந்த மண்ணில் பிரேசில் அணி லவுட் 11-3 முன்னிலை. 13 எடுத்தால் வெற்றி, இன்னும் இரண்டே ரவுண்டு. ஃபனாட்டிக் 14-12 என்று கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. லவுட் அப்போது உலகச் சாம்பியன். அவர்களுக்கே எட்டு ரவுண்டு முன்னிலை போதவில்லை, கோல்டு டூ ரேங்கில் நமக்கு ஆறு போதுமா?

இனி உங்களிடம் கேட்பது கொஞ்சம்தான். முதல் கில் விழுந்ததும் போட்டவர் மூன்று விஷயம் சொல்லுங்கள்: எங்கே, யார், போகிறோமா நிற்கிறோமா. "கேட்ல சைஃபர் அவுட், ஏ போறோம்." முடிந்தது. ஷாட் எப்படி இருந்தது என்பதை ரவுண்டு முடிந்து, ஆயுதம் வாங்கும் பை ஃபேஸில் சொல்லுங்கள், முப்பது வினாடி இருக்கிறது, நானும் பாராட்டுகிறேன். போட்டவர் சொல்லாவிட்டால் ஸ்பைக் வைத்திருப்பவர் சொல்லட்டும். சொன்னது தப்பான முடிவாகவே இருந்தாலும் ஐந்து பேரும் அதையே செய்வோம். ஐந்து பேர் சேர்ந்து செய்யும் தப்பு பல நேரம் பலித்துவிடுகிறது.

செத்தவர்களுக்கு ஒரு கோரிக்கை. கொன்றவன் எங்கே நின்றான், எவ்வளவு டேமேஜ் போட்டீர்கள், அவ்வளவு போதும். அவன் ஐடியைச் சொல்லி அவன் குடும்பத்தை விசாரிப்பதை மைக்கை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். மற்றவர்களுக்குக் காலடிச் சத்தம் கேட்க வேண்டும்.

பி மெயினில் தனியாக நிற்கும் நண்பரே, உங்களைத் தனியாகக் கேட்கிறேன். முதல் கில் நம் பக்கம் விழுந்த நொடியே உங்கள் லர்க் முடிந்தது. ஒன்று அங்கே சத்தம் போட்டு ஒருவனைப் பிடித்துவையுங்கள், அல்லது கத்தியை எடுத்துக்கொண்டு எங்களோடு வாருங்கள். சும்மா நிற்பதற்கு அங்கே வாடகை தருவதில்லை.

என் பக்கமும் ஒரு வாக்கு. போகிறோம் என்று நீங்கள் சொன்ன நொடியில் ஸ்மோக் விழும். நீங்கள் சொல்வதற்கு முன்னால் போட மாட்டேன், பதினைந்து வினாடியை வீணாக்க எனக்கும் மனசில்லை. ஓமெனை யாராவது முந்திக்கொண்டு எடுத்துவிட்டால் பிரிம்ஸ்டோன் எடுப்பேன், அவன் புகை இன்னும் சில வினாடி கூடுதலாக நிற்கும். முன்னால் பாய்ந்து சண்டை போடும் டூயலிஸ்ட் ஏஜென்ட்டை நான்காவதாக எடுக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள்.

இப்படிக்கு,
ஸ்கோர்போர்டில் எப்போதும் நான்காவதாக இருக்கும் உங்கள் ஸ்மோக்காரன்